சங்கிலியின் மறுமுனை

நாயின் மீது வழக்குத் தொடுக்கலாமா? நகைக்காதீர், தோழர்களே! பன்றியின் மீதே வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தொடுத்ததோடு நின்றார்களா, தீர்ப்புக் கூறித் தூக்கிலும் ஏற்றியிருக்கிறார்கள்! 1386ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் ஃபலேஸ் நகரில் நடந்தது அது. பன்றி ஒன்று குழந்தையைக் கொன்றுவிட்டது. மன்றம் கூடிற்று; மரண தண்டனை விதித்தது; பன்றிக்கு மனிதர் உடை அணிவித்து, ஊர் திரண்டு பார்க்கத் தூக்கிலிட்டனர். அறியாமை இருள் அடர்ந்திருந்த காலம், அப்படித்தான் இருந்திருக்கும் என்று கூறிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

புரட்டிவிட்டால் போதுமா?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், சென்னை ஜாபர்கான்பேட்டையில் அண்டை வீட்டார் வளர்த்த பிட்புல் நாய் ஒருவர் மீது பாய்ந்தது. கடித்துக் குதறியது. அவர் மாண்டார். தடுக்க முனைந்த, நாயை வளர்த்த அம்மையாரும் கடிபட்டார். மறுநாள் ஏடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் எழுந்த பேச்சு என்ன? “அந்த நாயின் பிறவிக் குணமே அப்படி! அந்த இனத்தையே ஒழித்துக் கட்டு!” என்றது ஒரு சாரார். “வாயில்லாச் சீவனைப் பழிக்காதீர்; அன்பு காட்டினால் அதுவும் குழந்தையே” என்றது இன்னொரு சாரார். ஒருவர் தூக்குக் கயிறு தேடுகிறார். மற்றவர் தொட்டில் கட்டுகிறார். இருவரும் பார்ப்பது நாயை. சங்கிலிக்கு இரு முனைகள் உண்டே, ஒரு முனையில் நாயின் கழுத்து என்றால் மறுமுனையில் இருப்பது எவர் கை என்று பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

அந்தக் கையைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

பிட்புல் என்பது காட்டிலே திரிந்து கொண்டிருந்து மனிதன் பிடித்து வந்த விலங்கன்று. மனிதன் செய்தது, அதுவும் இருநூறு ஆண்டுகளுக்குள் செய்தது. இங்கிலாந்திலே காளையைக் கட்டி வைத்து அதன் மீது நாய்களை ஏவிவிட்டுக் களிக்கும் ‘விளையாட்டு’ ஒன்று இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. களிப்புக்குப் பழகிய கூட்டம் சும்மா இருக்குமா? காளை பெரியது, வெளியே தெரிந்துவிடும். குழி சிறியது, கொட்டகைக்குள் மறைக்கலாம். குழிக்குள் இரண்டு நாய்களை இறக்கி மோதவிட்டனர். காளையோடு மோதிய புல்டாக் நாயின் தாடை வலிவையும், எலி வேட்டையாடும் டெரியர் நாயின் விரைவையும் ஒரே உடலில் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். குழிக்குப் ‘பிட்’ என்று பெயர். நாயின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அந்த நாய்க்கு 1898இல் அங்கே ஒரு சங்கம் அமைத்துப் பதிவேடும் திறந்தனர். பற்றினால் விடாமை, வலித்தாலும் பின்வாங்காமை ஆகிய இரண்டையும் அதன் உடலில் எழுதியவன் மனிதன். எழுதியவனே இன்று ஏட்டை நோக்கி, “ஐயோ, என்ன கொடுமையான எழுத்து!” என்று அலறுகிறான்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் ஒரு வாதத்தை வீசுவார்கள். நாமும் கேட்டிருக்கிறோம். “பிறப்பை வைத்து மனிதனை இழித்த கொடுமையை எதிர்த்தவர்கள் நாம், பிறப்பை வைத்து நாயை மட்டும் பழிக்கலாமா? இது நாய்க்குலத்தின் வருணாசிரமம் அல்லவா?” கேட்பதற்கு இனிக்கிறது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால், பொருந்தாத உவமை அது. எந்த மனிதக் கூட்டத்தையும் எவனும் குழிச் சண்டைக்காகப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்கவில்லை. சாதி என்பது உடலில் இல்லாத வேற்றுமையை இருப்பதாகச் சொன்ன பொய். நாயின் தாடையோ பொய்யன்று; அளந்து பார்க்கலாம். ஒரு பொய்யை மறுக்க வந்தவர்கள் உண்மை ஒன்றையும் சேர்த்து மறுத்துவிட்டால், பகுத்தறிவுக்குப் பெருமையா அது?

அதற்காகக் ‘குணம் எல்லாம் இனத்திலேயே’ என்று மறுகரைக்கு ஓடவும் வேண்டியதில்லை. 2022இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டறிந்து, 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்து எழுதியது. ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது நூற்றுக்கு 9 பங்கு அளவே என்பது அதன் முடிவு. எஞ்சியது தாய், தந்தை, குட்டிப் பருவம், பழக்கம், பயிற்சி, பசி, அடி, அச்சம் எனப் பலவும் சேர்ந்தது. ஆகவே கடிக்குமா கடிக்காதா என்பதை இனத்தின் பெயர் உறுதியாகச் சொல்லாது. கடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அது சொல்லும். சிறிய நாய் சினந்தால் கணுக்காலில் காயம். பிட்புல் சினந்தால் சாவு வரைக்கும் போகலாம். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வாதம் முடியாமல் நீள்கிறது.

அமெரிக்காவில் 2007இல் நடந்ததைப் பாருங்கள். மைக்கேல் விக் என்னும் புகழ்பெற்ற கால்பந்து வீரரின் வர்ஜீனியா மாநிலத்து நிலத்தில் நாய்ச்சண்டைக் கூடம் நடந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை, கொன்றுவிடுவதே வழி என்றனர் பலர். நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்கச் செய்தது. பெரும்பாலானவை பிழைத்தன, காப்பகம் சென்றன, பல, குடும்பங்களுக்கும் சென்றன, சில, நோயாளிகளுக்கு ஆறுதலாக அருகிருக்கும் பணிக்கும் தேறின. விக்கோ சிறை சென்றார். நாயை நாயாகவும் மனிதனைக் குற்றவாளியாகவும் பார்த்த வழக்கு அது. ஃபலேஸ் நகர மன்றத்திலிருந்து மனித குலம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அளவு.

எனினும் ‘எல்லாம் அன்பால் ஆகும்’ என்போருக்கு லக்னோ நகரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 82. வீட்டில் மகன் வளர்த்த பிட்புல் நாய். மகன் வெளியே சென்றிருந்த வேளையில் அந்த நாயே அம்மையாரைக் கடித்துக் கொன்றது. அன்பில்லாத வீடு என்று எவர் சொல்ல முடியும்? நாயை விரும்பியவர் மகன். ஆபத்தோடு தனித்திருந்தவர் தாய். நம் நாட்டில் எத்தனை வீடுகளில் இதே கதை! வாங்குவது மகனின் ஆசை, சோறு வைப்பது தாயின் வேலை; படம் எடுத்துப் பரப்புவது மகன், கழிவு அள்ளுவது தாய். பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதாத பழக்கம் நாய் வளர்ப்பிலும் நுழைந்திருக்கிறது.

வாயிலில் நிற்போரையும் எண்ணிப் பாருங்கள். ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்குகிறதே, அது யாருக்கு? மாளிகைக்கு விருந்தினராக வருவோர் மோட்டாரில் வருவர். நாயைப் பிடித்துக் கட்டிய பிறகே கதவு திறக்கும். முன்னறிவிப்பின்றி வாயிலைத் தொடுவோர் பால்காரர், அஞ்சல்காரர், மின் அளவு குறிப்பவர், குப்பை வாங்கும் பெண், உணவுப் பொட்டலம் சுமந்து வரும் இளைஞர். 2024 மே 5இல் சென்னை நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. சிறுமி யார்? பூங்காக் காவலாளியின் மகள்! செல்வத்தைக் காக்க வாங்கிய பல், செல்வமில்லாதவர் சதையில் பதிகிறது.

நாம் ஆசிரியப் பணி புரிவது சித்தேரியில். தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலைநாடு இது. மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் — கேரளத்தார் அல்லர், தமிழே பேசுவோர் — சாமையும் பிறவும் பயிரிட்டு, ஆடு மாடு மேய்த்து வாழும் இடம். “அங்கே ஏது பிட்புல்? உமக்கேன் இந்தக் கவலை?” என்று கேட்கத் தோன்றும். இங்கே உள்ளது நாட்டு நாய்தான். இரவில் காட்டுப் பன்றி கொல்லையில் இறங்கினால் குரைக்கும். காவலிருப்பவர் எழுந்து ஒலியெழுப்பி விரட்டுவார். சேதி சொல்வது நாயின் வேலை, செயல் மனிதனுடையது. குட்டியாக இருக்கும்போதே ஊர்ப் பிள்ளைகள் மடியிலும், ஆட்டுக் குட்டிகளின் நடுவிலும், வருவோர் போவோர் காலடியிலும் புரண்டு வளர்வதால் எதைக் கண்டு அஞ்சவேண்டும், எதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அதற்காக மலை நாயைப் பாடிப் புகழ நாம் வரவில்லை. தடுப்பூசி காணாத நாயும் உண்டு, கடியும் உண்டு. கடித்த இடத்தில் மந்திரிக்கும் மடமையும் நாட்டில் இன்னும் மாளவில்லை. வெறிநாய்க்கடிக்கு 1885இல் பாஸ்டர் மருந்து கண்டார். 1907இல் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் எழுந்தது. சவுக்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றிய பிறகு மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை.

வகுப்பிலே செய்தித்தாள் படித்துக் காட்டும் வழக்கம் நமக்கு உண்டு. ஜாபர்கான்பேட்டைச் செய்தியைப் படித்தபோது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், எங்க மாடு அடுத்தவங்க கொல்லையில மேஞ்சா எங்கப்பாவத்தான் கேக்கறாங்க. நாய் கடிச்சா மட்டும் ஏன் சார் நாய என்ன பண்றதுன்னு பேசறாங்க?”

கல்லூரியில் நாம் படித்த அறநூல்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டன. 1871ஆம் ஆண்டிலேயே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பர். மாட்டுக்காரர் தண்டம் கட்டி மீட்பார். மாடு எந்த இனம், அதன் குணம் என்ன, அன்போடு வளர்ந்ததா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. பயிரினூடே ஏரோட்டும் உழவர் மாட்டின் வாயில் வாய்க்கூடு கட்டுகிறார், மாட்டை அவமதிக்கவா? அது நாவடக்கம் கற்காத சீவன், கற்ற நாம்தான் அதற்கும் சேர்த்துப் பொறுப்பு என்னும் தெளிவு அது. கன்றைக் கொன்றதற்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் கதையைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோமே, கதையே ஆகட்டும், அவன்கூடத் தேரைத் தண்டிக்கவில்லை. தேரை ஓட்டியவனையே தண்டித்தான்.

“என் காசு, என் நாய், என் உரிமை” என்பார் உண்டு. உரிமை வேண்டும் என்று கேட்பதில் நம்மைவிட முந்தியவர் எவர்? ஆனால், உரிமைக்கு எல்லை எது என்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே விளக்கினார்: பிறருக்குத் தீங்கு தொடங்கும் இடமே அது. நாயை வாங்கியவர் ஆபத்தை விரும்பி ஏற்றுக்கொண்டார். அடுத்த வீட்டார் ஏற்கவில்லை. அவரைக் கேட்காமலே அவர் குழந்தையின் பாதையில் ஆபத்தை நிறுத்த எந்த உடைமைக்கும் உரிமை கிடையாது. இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த நாயும் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வயிற்றில் பிறப்பது, எந்த வீட்டுக்கு விலைபோவது, எந்தத் தூணில் கட்டுண்பது எதுவும் அதன் விருப்பமன்று. அதற்கு வலி உண்டு என்பது ஒன்றே, அதன்பால் நமக்குக் கடமை உண்டு என்பதற்குப் போதும். பெந்தாம் 1789இல் எழுப்பிய வாதம் இது. தேர்ந்தெடுக்காத இருவர் — அண்டை வீட்டாரும் நாயும். தேர்ந்தெடுத்தவர் ஒருவர். பொறுப்பு எவர் தலையில் ஏறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பொறுப்பு என்று சொல்லிவிடுவது எளிது. அன்றாடத்தில் அது என்ன? குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரையில் அதன் உள்ளம் திறந்திருக்கும் காலம். குழந்தை, கிழவர், குடை பிடித்தவர், மிதிவண்டி, பிற நாய், பட்டாசு என உலகத்தை அச்சமின்றி அது அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய காலம். அதைத் தாயிடமிருந்து பிரித்து இருட்டறையில் போட்டு, ‘முரடாக வளரட்டும்’ என்று மிளகாய் ஊட்டுவாரும் அடிப்பாரும் காவல் நாயை வளர்க்கவில்லை, அச்சத்தை வளர்க்கிறார்கள். அஞ்சிய நாய்தான் கடிக்கும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதி கூறுகிறது. விற்பவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இனப்பெருக்கம் செய்யும் நோக்கமில்லையேல் கருத்தடை செய்துவிடலாம். நாள்தோறும் நடையும் ஓட்டமும் வேண்டும். தசை கட்டிய உடல் அது, சும்மா கிடந்தால் சினம் கட்டும். வெளியே போகும்போது அறுந்துபோகாத வார், வாயில் வாய்மூடி, பிடிப்பவர் அதன் இழுப்பைத் தாங்கும் வலிவுடையவர். சிறுபிள்ளையிடம் சங்கிலியைக் கொடுத்தனுப்புவது கொலைக்கருவியைக் கொடுத்தனுப்புவதே. வீட்டில் குழந்தையோடு தனியே விடாதீர், எவ்வளவு சாதுவான நாயாயினும். நாய்ச் சண்டைக்கு அழைப்பவன் நண்பனாயினும் காவல் நிலையத்தில் சொல்லுங்கள், அது குற்றம்.

நாளெல்லாம் கட்டிவைப்பதும் குற்றம்தான், அது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதைக் கூறுகிறது: அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராதிருப்பதும் தண்டனைக்குரியவை. நாடாளுமன்ற மேலவையில் இதற்காகக் குரல் எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல். பிற பல கருத்துகளில் அவரோடு நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. இதற்காக நன்றி கூறத் தயக்கமும் இல்லை. கடித்தால் வளர்ப்பவரைக் கேட்கவும் சட்டம் உண்டு. பாரதிய நியாய சன்கிதையின் 291ஆம் பிரிவு, விலங்கை அசட்டையாக வைத்திருந்தவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. விலை உயர்ந்த குட்டி வாங்குகிறவருக்கு 5,000 ரூபாய் ஒரு பொருட்டா?

தடை போட்டுவிட்டால் தீராதா? ஒன்றிய அரசு 2024 மார்ச் 12இல் 23 வகை நாய்களுக்கு உரிமம் தரவேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. தொடர்புடையோரைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதனைத் தள்ளிற்று. நுங்கம்பாக்கம் நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டிலும் மே மாதம் ஓர் ஆணை வந்தது. வந்த விரைவிலேயே திரும்பிற்று. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லை என்று முடிவு செய்தது. நெருக்கடியான சந்துகள் நிறைந்த நகரில் அது தேவையே என்பது நம் கருத்து. ஆனால் அதுவே முடிவாகிவிடாது. இங்கிலாந்து 1991இல் பிட்புல்லைத் தடுத்தது. முரட்டுத்தனத்தை விரும்பியவன் எக்ஸ்எல் புல்லி என்ற புது இனத்தை வளர்த்தெடுத்தான். 2024இல் அதற்கும் தடை. இனி எதை வளர்ப்பானோ! ஆலந்து நாடு 1993இல் கொண்டுவந்த தடையை, கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் கைவிட முடிவு செய்தது. கனடாவின் கால்கரி நகரமோ இனத்தைப் பேசாமல் வளர்ப்பவரைப் பேசிற்று: 2006இல் விதி வகுத்து, உரிமம் இல்லாதவருக்கும் நாயை அடக்காதவருக்கும் தண்டம் விதித்தது. நாய்க்கு உரிமம் என்பதைவிட, மனிதனுக்கு உரிமம் என்பதே பொருத்தம். மோட்டார் ஓட்ட உரிமம் கேட்கிறோமே. ஓட்டத் தெரியுமா என்று சோதித்துத்தானே தருகிறோம்?

தடையால் இன்னொரு தீங்கும் விளையக் கூடும். வெளியே தெரிந்தால் தொல்லை என்று அஞ்சுபவர், இரவோடிரவாக நாயை வண்டியில் ஏற்றிக் காட்டுச் சாலையில் அவிழ்த்துவிட்டுப் போவார். பட்டினிக்கு விட்டுவிடுவதும் அதே 11ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். நகரம் கைவிட்ட ஆபத்தை மலையடிவாரத்து ஆட்டுப் பட்டி ஏற்கவேண்டுமோ? முன்பே வளர்ப்போர் மறைக்காமல் பதிவு செய்யவும், வளர்க்க இயலாதவர் அஞ்சாமல் ஒப்படைக்கவும் இடம் வேண்டும்.

இந்த மலையிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் செல்லும் இளைஞர் பலர். அவர்களில் ஒருவர் பொங்கல் விடுமுறையில் வந்தபோது, பிட்புல் குட்டி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், பெரிய பணமானாலும் வாங்கிவிடப் போவதாகவும் கூறினார். கைப்பேசியில் படமும் காட்டினார். அழகான குட்டிதான், மறுப்பானேன். நாம் மூன்று கேள்வி கேட்டோம். தம்பி, நீர் தங்கியிருக்கும் ஒற்றை அறையில் அது எங்கே ஓடும்? கடித்தால் நட்டஈடு கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடிய சீவன் அது. நீர் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அதைப் பிடிப்பவர் யார்?

அறையை மாற்றிக்கொள்வேன் என்றார். பணம் சேர்த்துவிடுவேன் என்றார். மூன்றாவது கேள்விக்கு, அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.